கொழுந்துக்குத் திறந்த ஜன்னல்

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில், மேல்மாடியில் எனக்கு வேலை. மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தைத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, அது துவளும்வரை காற்று விடவேண்டும். எந்தப் பக்கத்துக் காற்று ஈரக்காற்று, எந்தப் பக்கத்தது காய்ந்த காற்று என்று கன்னத்தாலேயே பார்த்து, அதற்கேற்ப ஜன்னல்களைத் திறப்பதும் சாத்துவதும்தான் என் பிழைப்பு.

கொழுந்தை மலையில் மடுவம் என்கிற கொட்டகையில் எடை நிறுத்துச் சாக்கில் அனுப்புவார்கள். சில கங்காணிமார் அவசரத்தில் காலால் மிதித்துத் திணித்துவிடுவார்கள். அந்தச் சாக்கை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டால் சுடும். அடுப்பில்லை, நெருப்பில்லை, வெயிலும் இல்லை. ஆனால் நடுச்சாக்கில் இருக்கிற கொழுந்து சிவந்து வெந்துபோயிருக்கும். ஏன் என்று டீமேக்கர் ஐயாவிடம் கேட்டேன். அவர் நல்ல மனுஷர். "பறிச்ச பொறகும் கொழுந்து மூச்சு விடும். அதுக்குக் காத்து குடுக்காட்டி தன் சூட்டுலயே தான் வெந்துபோயிடும்" என்றார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைப் படிக்கிறவர்கள், 'பாவம், ஒன்றும் தெரியாத ஆள்' என்று எனக்காக இரங்கிவிடக்கூடாது. காற்றைப் பற்றி எனக்குத் தெரியும். அதற்காகத்தான் செக்ரோலில் எனக்குப் பேர் போட்டுச் சம்பளம் கொடுத்தார்கள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தேன். ஆனால் கேள்வி கேட்கிற புத்தி எப்படியோ ஒட்டிக்கொண்டது. என்னைப் போல இன்னும் இரண்டு பேர். ஒருவன் ஸ்டோரில் தேயிலை காய வைக்கும் மிஷினின் பெரிய அடுப்புக்கு விறகு போடுகிறவன். எனக்கு மச்சான் முறை. இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்து எல்லாருக்கும் முடி வெட்டுகிற பெரியவர். முடி வெட்டிக்கொள்ளப் போய் உட்கார்ந்து அப்படியே பேச்சில் சேர்ந்துவிட்டோம். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் பெண்கள் எங்களுக்கு 'விண்ணாணக் கமிட்டி' என்று பேர் வைத்தார்கள்.

"தம்பி, வெளியில சொட்டு மழ இல்ல. காலையில எந்திரிச்சா கூரைத் தகரம் உள்பக்கமா அழுவுது. யாரு செத்ததுக்கு?" என்பார் பெரியவர், கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே.

"ஒங்க கத்திய நெனச்சுத்தான்" என்பான் மச்சான்.

"என் கத்தி அழவைக்கும், ஆனா ரத்தம் வராது. நீ சொல்லு மேல்மாடி."

நான்தான் பதில் சொல்லும் ஆள். எங்கள் மூச்சின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிறது என்று சொன்னேன். அது சரியான பதில்தான். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடித்துப்போயிற்று. பனி பள்ளத்துத் தேயிலையைக் கருக்கிவிட்டு மேட்டுத் தேயிலையை ஏன் விட்டுவிடுகிறது, றொசல்ல பக்கம் ரயிலில் போகும்போது கிட்டத்து மரம் ஓட தூரத்து மலை மட்டும் ஏன் கூடவே வருகிறது, எல்லாவற்றுக்கும் நான் பதில் வைத்திருந்தேன். கேட்ட கேள்வியைப் பதில் இல்லாமல் விடக்கூடாது என்பது எங்கள் சட்டம். தெரிந்த பதில் பாதி, நானாகக் கட்டிவிட்டது பாதி.

அந்தக் காலத்தில் எங்களைக் கேள்வி கேட்க எல்லாருக்கும் உரிமை இருந்தது. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு சட்டம் போட்டு நாங்கள் எந்த நாட்டுக்காரர் என்பதையே கேள்வியாக்கிவிட்டார்கள். உங்கப்பன் இந்தியாவிலிருந்து எந்த வருஷம் வந்தான், எங்கே பிறந்தாய், சாட்சி யார், கடுதாசி எங்கே? அரசாங்கக் கச்சேரிக்குப் போனாலும் ஆபீசுக்குப் போனாலும் கேள்விதான். நாங்கள் திருப்பி ஒன்று கேட்கலாம் என்றால் அந்தக் கோயில் படிக்கட்டு ஒன்றுதான். அங்கே நான் துரை மாதிரி.

என் பெண்சாதி தண்ணீர்க் குடத்தோடு பீலியிலிருந்து வருவாள். "கமிட்டி கூடியாச்சா? பருப்பு ஏன் இந்த மலையில வேகமாட்டேங்குதுன்னு மொதல்ல சொல்லுங்க. பொறகு சந்திரன அளக்கலாம்" என்பாள். மாத்தளையில் அவள் அக்காள் வீட்டில் அரைமணி நேரத்தில் வேகிற பருப்பு எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் ஒன்றரை மணி நேரம் கொதித்தாலும் கல்லு மாதிரிக் கிடக்கும். விறகு ஈரம் என்று நான் பதில் சொன்னேன். அவள் அதை நம்பவில்லை. காய்ந்த விறகை வைத்துப் பார்த்தாள். பானையை மாற்றிப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் மூடியின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்து ஆவியை அடக்கினாள். பருப்பு மலர்ந்து வந்தது.

"கேள்வி ஒங்களுது. பதில் என்னுது" என்று அகப்பையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அவள் செய்து பார்ப்பாள். நான் சொல்லிவிடுவேன். எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் அதுதான். அன்று அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு மார்கழியில் அடுப்புக்கார மச்சான் ஒரு கேள்வி கொண்டுவந்தான். முகம் வெளிறியிருந்தது.

"மச்சான், புகை வர்றப்போ கண்ணுதான் எரியுது. அது பழகிருச்சு. ஆனா விறகெல்லாம் எரிஞ்சு வெறும் தணலா நிக்கிறப்ப, புகைக்கூண்டுத் தகட்டச் சாத்துனேன்னு வையி, அப்பத்தான் தலை சுத்துது. வாந்தி வருது. நேத்து விழுந்தே போனேன். புகையே இல்லாதப்ப ஏன்டா இப்படி?"

அது எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. அதனால் மறுநாள் காலை அவனைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த டிஸ்பென்சரை டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக்காரர். மச்சான் தலைவலி என்றான். அவர் போத்தலைச் சரித்து மருந்து ஊற்றினார். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

"ஐயா, புகையில்லாத தணலுப் பக்கம் நின்னா தலை சுத்துதுங்களே, அது ஏனுங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்குத் தலையிடியோ, அவனுக்கோ?"

"அவனுக்குத்தானுங்க."

"அப்ப நீ ஏன் வாயைத் திறக்கிறாய்? மருந்து வேணுமோ, பாடம் வேணுமோ? இனி உங்களுக்குச் சயன்சும் படிப்பிக்கவோ நான் இஞ்சை இருக்கிறன்? போ, போ. பெரட்டிலை பேர் குடுக்க நேரமாச்சு."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். படியிறங்கும்போது என் காது எரிந்தது. மச்சான் மருந்தை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, "விடு மச்சான். ஞாயித்துக்கெழம நீயே சொல்லு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னேன். கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி போடுவது என் பொறுப்பு. அந்தத் தைரியத்தில் சொன்னேன். "புகைதான் அழுக்கு. அதுதான் விஷம். தணலு சுத்தம். சுத்தமா இருக்கிறதாலதான் அதுல சாம்பிராணி போட்டுச் சாமி முன்னாடி வைக்கிறோம். அது யாரையும் ஒண்ணும் செய்யாது. ஒனக்குச் சூடு தலைக்கு ஏறியிருக்கு. நல்லெண்ணெ தேச்சுக் குளி."

மச்சான் தலையாட்டினான். பெரியவரும் தலையாட்டினார்.

தை மாதம் எங்களுக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அந்த வருஷம் வெள்ளைப்பனி கொட்டியது. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல இருக்கும். லயத்துக் காம்பரா என்றால் ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல், மேலே தகரம். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே கை போகிற அளவு சந்து. பிள்ளை பெற்றவளையும் பச்சைப் பிள்ளையையும் சூட்டில் வைக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஈர விறகின் புகையில் பிள்ளை இருமியது. எனக்குப் பொறுக்கவில்லை.

நான் செய்ததை ஒன்று விடாமல் சொல்லவேண்டும். கிழிந்த கொழுந்துச் சாக்குகளைக் கொண்டுவந்து தகரத்துச் சந்தெல்லாம் அடைத்தேன். ஜன்னல் விளிம்பில் கஞ்சிப் பசை தடவிப் பழைய பேப்பர் ஒட்டினேன். கதவின் அடியில் கம்பளித் துண்டைச் சுருட்டி வைத்தேன். மண்ணெண்ணெய் டின் ஒன்றைப் பாதியாக வெட்டி, அடியில் சாம்பல் போட்டு, மச்சானிடம் கேட்டு ஸ்டோர் அடுப்பிலிருந்து நல்ல கட்டைத் தணலாக வாரிவந்தேன். சந்தோஷமாகத்தான் அள்ளிக் கொடுத்தான். "மருமவனுக்கு" என்றான். அவன் தலை சுற்றி விழுந்த அதே அடுப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் அது ஞாபகம் வரவில்லை. பதில் சொன்ன கேள்வி செத்த கேள்வி. அதை யார் திரும்பத் தோண்டுவது?

இரண்டு மூன்று நாள் காலையில் கொஞ்ச நேரம் வைத்தோம். அப்போது கதவு திறந்து திறந்து மூடியது, ஒன்றும் ஆகவில்லை. பிறந்து பதினேழாம் நாள் பனி மிக மோசம். பெரட்டுக்குப் போகுமுன் டின் நிறையத் தணல் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தேன்.

"கதவக் கொஞ்சம் தொறந்தே வைக்கட்டுங்களா? நேத்தே ஒரு மாதிரி மூச்சு முட்டுச்சு" என்றாள் அவள்.

"புகை இருந்தாத்தான் முட்டும். இது தணலு. சாமிக்கு வைக்கிறது. நீ உள்ளுக்குள்ள கொக்கி போட்டுக்கிட்டுத் தூங்கு."

அவள் செய்து பார்க்கிறவள். அன்று ஒருநாள் நான் சொன்னதை அப்படியே நம்பினாள்.

ஸ்டோரில் வெயில் ஏறியதும் மேல்மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். கொழுந்து மேல் காற்று ஓடியது. நல்ல காய்ந்த காற்று, இன்று தேயிலை நன்றாக வரும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது.

பகல் சாப்பாட்டுக்கு முன்னால் பக்கத்துக் காம்பராக்காரி ஓடிவந்தாள். கஞ்சி கொண்டுபோய்க் கூப்பிட்டிருக்கிறாள், உள்ளே சத்தமில்லை. நானும் மச்சானும் ஓடிப்போய்த் தோளால் கதவை இடித்தோம். கொக்கி பிய்ந்தது. உள்ளே கதகதவென்று இருந்தது. புகை கொஞ்சமும் இல்லை. ஒரு மணமும் இல்லை. இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கை பிள்ளையின் மேல் கிடந்தது.

வெளியே தூக்கிவந்து இஸ்தோப்புத் திண்ணையில் போட்டபின் அவள் மட்டும் வாந்தியெடுத்துக் கண்ணைத் திறந்தாள். பிள்ளை திறக்கவில்லை. அதன் கன்னம் சிவந்து கிடந்தது. உயிரோடு இருந்த பதினாறு நாளிலும் அவ்வளவு சிவப்பை நான் பார்த்ததில்லை. அந்தக் கன்னத்தைப் பார்த்துத்தான் வெகுநேரம் நம்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் ஐயா வந்தார். காம்பராவுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. டின்னைப் பார்க்கவில்லை. "கை எங்கை கிடந்தது?" என்று கேட்டார். பக்கத்துக் காம்பராக்காரி சொன்னாள். "தாய் நித்திரையிலை அமத்திப்போட்டாள்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த மனுஷரிடம் நான் கேள்வி கேட்டபோது பதில் இல்லை. கேட்காதபோது ஒரு பதிலை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அதுவே லயத்துக்கும் பதிலாகிவிட்டது. அவள் தலைவலி தீர்ந்து பீலிக்குப் போன முதல் நாளே ஒருத்தி சொல்லியிருக்கிறாள், "பிள்ளைய அமுக்கிக்கிட்டு அப்படி என்னாடி தூக்கம்?" குடத்தைப் பாதி நிரப்பியபடியே திரும்பி வந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பராக்காரிதான் சொன்னாள்.

புதைத்து எட்டாம் நாள் மச்சான் என்னை ஸ்டோருக்குப் பின்னால் கூப்பிட்டான். "மச்சான், எனக்கு அன்னிக்கு அடுப்புல தலை சுத்துச்சே, அது மாதிரி ஒருவேள..."

"போதும் மச்சான்" என்றேன்.

"இல்ல, அந்தத் தணலு..."

"போதும்னு சொல்றேன்ல?"

அவன் அடுப்புப் பக்கம் திரும்பிப் போய்விட்டான். அதன்பின் கோயில் படிக்கட்டில் கமிட்டி கூடவில்லை. பெரியவர் தனியாக உட்கார்ந்து முடி வெட்டினார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று இப்போது சொல்கிறேன். அன்று தெரியாது என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். தெரியாது என்று சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாதவன், தெரிந்தபின் அந்த வார்த்தைக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு பெண் பிள்ளை பிறந்தது. சூடு வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். தணல் வேண்டாம் என்று நான் சண்டை போட்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லவில்லை. அவளுக்கும் சொல்லவில்லை. அவள் அந்தப் பிள்ளையைத் தன் பக்கத்தில் படுக்க வைக்கவே இல்லை. பால் கொடுத்துவிட்டு என்னிடம் நீட்டுவாள். பிள்ளை எனக்கும் சுவருக்கும் நடுவே படுக்கும். அவள் எட்ட உட்கார்ந்து, தூணில் சாய்ந்தபடியே கண்ணயர்வாள். இரண்டு கையையும் மடிக்குள் இறுக்கி வைத்துக்கொள்வாள். அந்தக் கையை அவள் நம்பவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கைக்கு விடுதலை கிடைத்திருக்கும். நான் காலையும் மாலையும் திருநீறு பூசிக்கொண்டு, "முருகா, இவளுக்கு மன ஆறுதல் கொடு" என்று வேண்டிக்கொண்டேன். ஆறுதல் என் வாயில் இருந்தது. அதைச் சாமியிடம் போய்க் கேட்டேன்.

சாமியை நான் குற்றம் சொல்லவில்லை. தணல் சுத்தம் என்று சொன்னது சாமி இல்லை.

ஒன்பது வருஷம் போனது. பழைய டாக்டர் ஐயா மாறிப்போய் ஒரு வாலிபர் வந்தார். இவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். நோயாளியை உட்காரச் சொல்கிற முதல் டிஸ்பென்சர். கையில் வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடப் போனேன். கட்டு முடிந்தும் எழுந்திருக்க முடியவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? சும்மா ஒரு கேள்விங்க."

"கேளுங்கோ அண்ணை."

கேட்டேன். ஒன்பது வருஷத்துக்கு முன் கேட்ட அதே கேள்வி, அதே வார்த்தை. அவர் சிரிக்கவில்லை.

"புகையைவிடப் புகையில்லாத தணல்தான் பொல்லாதது அண்ணை. அதிலையிருந்து ஒரு வாயு வரும். மணமில்லை, நிறமில்லை. கதவு யன்னல் சாத்தியிருந்தா வெளியிலை போகாது. ரத்தத்திலை காத்து இருக்கவேண்டிய இடத்திலை இது போய் இருந்துகொள்ளும். ஆள் நித்திரை மாதிரியே சரிஞ்சுபோகும். முகம்கூட வெளிறாது, சிவந்துதான் கிடக்கும்."

"சின்னப் பிள்ளைன்னா?"

"பெரியாக்கள் தப்பினாலும் சின்னனுகள் தப்பாது." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன் அண்ணை? வீட்டிலை ஆருக்கும்..."

"இல்லைங்க. சும்மா ஒரு கேள்விதானுங்க."

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த மார்கழிக் காலையில் ஒருத்தர் இரண்டு நிமிஷம் செலவழித்திருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன். பழைய டிஸ்பென்சரைத் திட்டிக்கொண்டே பாதி வழி நடந்தேன். மீதி வழிக்கு அந்தத் திட்டு போதவில்லை. அவர் பதில் தரவில்லை. பதில் கட்டியது நான்.

அன்று வெள்ளிக்கிழமை. அந்தி விளக்கு வைத்தபின் அவள் இஸ்தோப்பில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னேன். மச்சானின் கேள்வி, டிஸ்பென்சரிச் சிரிப்பு, ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன பதில், சாக்கு, பேப்பர், தணல், இன்று கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன். சுளகு நின்றது.

"அப்ப நான் அமுக்கலையா?"

"இல்ல."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"நீ அமுக்கல. ஒன் கையில ஒண்ணுமில்ல. நான் வெச்ச தணலு."

அவள் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். அரிசித் தவிடு ஒட்டியிருந்தது. அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தேன். தவிட்டைத் தட்டிவிட்டுக் கேட்டாள்.

"அடுப்புக்காரரு தலை சுத்துதுன்னு கேட்டப்ப, தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லங்க?"

அதற்கு நான் பதில் கட்டவில்லை.

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா, நான் கதவத் தொறந்து வெச்சுப் பாத்திருப்பேன்" என்றாள். சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அவள் பாயைத் தட்டி விரித்தாள். பெண் பிள்ளை பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் தலையணை போட்டுப் படுத்தாள். பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. பிள்ளையைப் பார்த்து, பக்கத்தில் இடம் விட்டு, "வா, அம்மாகிட்ட வந்து படு" என்று கையை நீட்டினாள்.

பிள்ளை அந்தக் கையைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. என் முதுகுப் பக்கம் ஒண்டிக்கொண்டு, "எனக்கு அப்பாகிட்டத்தாம்மா பழக்கம்" என்றது.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே பாயில் கிடந்தது. பிறகு அவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து படுத்தாள். பனிக்காற்று நேரே உள்ளே வந்தது. நான் போர்வையைப் பிள்ளைமேல் இழுத்துவிட்டேன்.